சவரக் கத்தியைச் செப்பஞ்செய்தலும் அதற்குத் தாங்கி அமைத்தலும்

எமது கல்லூரியின் பழைய மாணவர் பலரது வீடுகளில், பாட்டனார் காலத்துப் பெட்டகத்தின் அடியிலோ பரண் மேலோ, மடக்குச் சவரக் கத்தியொன்று கிடத்தல் கூடும். அதனைக் கண்டெடுப்போர் இருவகையினர். கறளைக் கண்டவுடன் பழைய இரும்பென்று வீசிவிடுவோர் ஒருவகையினர். ஒரே நாளிற் புதிதாக்கிவிடலாமென்று சாணைச் சக்கரத்தில் வைத்துக் கெடுப்போர் மற்றொரு வகையினர். இவ்விரண்டாம் வகையில் நாமும் ஒருகால் இருந்தோமாதலின், அப்பிழையைப் பிறரும் செய்யாதிருத்தற்பொருட்டு இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். தமிழாசிரியனுக்குச் சவரக் கத்தியோடு என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். கத்தியையும் தீட்டுகிறோம், சித்திரத்தையும் தீட்டுகிறோம், கட்டுரையையும் தீட்டுகிறோம். மூன்றுக்கும் தமிழ் ஒரே வினையை வைத்திருக்கின்றது. மூன்றிற்கும் வேண்டுவது பொறுமையே.

கத்தியின் வரலாறு

சவரக் கத்தியின் உயிர் அதன் உருக்கிலே உள்ளது. 1740 களில் இங்கிலாந்தின் ஷெபீல்ட் பகுதியில் மணிக்கூடு செய்யும் தொழிலாளராகிய பெஞ்சமின் ஹன்ற்ஸ்மன், உருக்கை மூசையில் இட்டு முழுவதும் உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். அதனால் எங்கும் ஒரேதன்மை வாய்ந்த நல்லுருக்குக் கிடைத்தது. ஷெபீல்ட் நகரும், வாள் செய்தலிற் பெயர்பெற்ற ஜேர்மனியின் சொலிங்கன் நகரும் பின்னர் உலகெங்கும் சவரக் கத்திகளை அனுப்பின. சொலிங்கன் என்னும் பெயரைப் பிறர் தம் பொருளிற் பொறியாதபடி 1938 இல் அந்நாட்டிற் சட்டமே இயற்றப்பட்டது.

இவ்விடத்தில் நம் நாட்டுச் செய்தியொன்றையும் நினைத்தல் தகும். மூசையில் உருக்குச் செய்யும் கலை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மிகப் பழையது. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியின் மேற்குச் சரிவுகளில், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய இரும்புலைகள் அகழ்ந்தறியப்பட்டன. அவை கி. பி. 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரையில் வழங்கியவை என்பதும், அவற்றிலே காபன் மிகுந்த உருக்குக் கிடைத்திருத்தல் கூடும் என்பதும் 1996 இல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியாயின. மின்னியலில் ஒப்பற்றவராகிய மைக்கல் பரடே தம் இளமையில் இந்திய உருக்கை ஆராய்ந்து, அதுபோல்வன செய்ய முயன்று, உருக்குக் கலப்புலோகங்கள் பலவற்றை ஆக்கினார். அவற்றுள் ஒன்றாற் செய்த சவரக் கத்திகளைப் பிற்காலத்தில் தம் நண்பர்க்குப் பரிசாக வழங்கி வந்தாரென்பது அவர் வரலாற்றில் உள்ளது.

மாற்றியிடும் பிளேட் வந்தபின் மடக்குக் கத்தியின் ஆட்சி குன்றிற்று. கிங் ஜில்லற் என்பார் 1903 இல் விற்றவை 51 றேசர்களும் 168 பிளேட்டுகளுமே. அடுத்த ஆண்டில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. பின்னர் அப்பொருள் உலகெங்கும் பரவிற்று. இன்று சலூன்களிற் காணும் மடக்குக் கத்தியும் பெரும்பாலும் பிளேட் செருகுவதேயன்றித் தீட்டுவதன்று.

கையிற் கிடைத்த கத்தியின் காலத்தை ஒருவாறு அறிதற்கும் வழியுண்டு. அமெரிக்காவில் 1890 இல் நிறைவேறிய சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் பொறிக்கப்படல் வேண்டுமென்று விதித்தது. அது 1891 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆதலின் கத்தியின் கழுத்தில் 'இங்கிலாந்து' என்றோ 'ஜேர்மனி' என்றோ நாட்டின் பெயர் ஆங்கில எழுத்திற் காணப்படின், அது பெரும்பாலும் அவ்வாண்டுக்குப் பிற்பட்டதென்று கொள்ளலாம்.

எமது பிழை

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் பெருந்தொகையினராய் வீடுகளை விட்டு நீங்கியபோது எமக்குப் பதினைந்து வயது. எங்கள் அப்பு தம்மிடமிருந்த இரண்டு சவரக் கத்திகளை எண்ணெயிடாமலே பருத்தித் துணியிற் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்துச் சென்றார். மறு ஆண்டு மீண்டபோது வீட்டின் கூரையில் ஒரு பகுதி இல்லை, பெட்டி இருந்தது. மழையில் நனைந்த துணி ஈரத்தை விடாது பற்றியிருந்தமையால் இரண்டு கத்திகளும் செங்கறள் பூத்திருந்தன. அவர் அவற்றை எறியவுமில்லை, தொடவுமில்லை.

2000 ஆம் ஆண்டில், அவரை மகிழ்விக்க எண்ணி, அவற்றுள் நல்லதை எடுத்துச் சென்று மின்னாற் சுழலும் சாணைச் சக்கரத்திற் பிடித்தோம். கறள் நொடியிற் போயிற்று. அலகு வெள்ளியெனப் பளபளத்தது. அதன் வாயோரத்தில் மயிற்கழுத்து நிறமாய் நீலமொன்று படர்ந்ததையும் அழகென்றே எண்ணினோம். அப்பு அதனை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, மடக்கி, எமது கையிலே தந்தார். "கறள் அஞ்சு வருசத்திலை தின்னாததை நீ அஞ்சு நிமிசத்திலை திண்டிட்டாய், மோனை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்நீலத்தின் பொருளைப் பின்னரே அறிந்தோம். சவரக் கத்தியின் உருக்கு நூற்றுக்கு ஒரு பங்கு அளவிற் காபன் கொண்டது. கொல்லர் அதனைச் செந்தணலிற் காய்ச்சி, சடுதியாகக் குளிர்வித்துக் கடினமாக்கி, பின்பு மெல்லிய சூட்டிற் பதப்படுத்துவர். பதப்படுத்திய சூட்டுக்கு மேலாக அலகு மீண்டும் சூடேறின் கடினம் தளரும். மெல்லிய வாயிலே சூடு பரவிச் செல்ல இடமில்லையாதலாற் சக்கரம் பட்ட சில நொடியிலேயே அது நிகழும். வைக்கோல் நிறம் தோன்றுவது ஏறத்தாழ 220 பாகை செல்சியசில். நீலம் தோன்றுவது ஏறத்தாழ 300 பாகையில். நீலம் கண்ட வாய் எத்துணை தீட்டினும் கூர் நில்லாது. அக்கத்தி இன்றும் எமது மேசையில் உள்ளது. கடதாசி வெட்டுதற்கு உதவுகின்றது.

கறள் அகற்றுதல்

எஞ்சிய ஒரு கத்தியையேனும் காக்கவேண்டுமென்று பல ஆண்டுகள் கற்றோம். நகரில் மிக்க காலம் சலூன் நடத்திய முதியவர் ஒருவர், தீட்டும் முறையைக் கையைப் பிடித்துக் கற்பித்தார். கற்றவற்றை முறையே கூறுவோம்.

முதலாவது, ஆராய்தல். வாயில் வெடிப்பு உண்டாயின் அக்கத்தியை அலங்காரப் பொருளாகவே வைத்தல் வேண்டும். வெடிப்பு முகத்திலே உடையும். சிறிய பல் விழுந்திருப்பின் தீட்டிப் போக்கலாம். வாயின் விளிம்பிலேயே கறள் குழி தோண்டியிருப்பின், குழியற்ற உருக்குக் கிட்டும் வரை தீட்டவேண்டுமாதலின் அலகின் அகலம் குறையும். பிடியையும் பார்க்க. பழைய பிடிகளிற் கொம்பும், எலும்பும், தந்தமும், செலுலோயிட்டும் உண்டு. செலுலோயிட்டு என்பது நைத்திரோசெலுலோசும் கர்ப்பூரமும் சேர்ந்தது. அது நாட்பட நைந்து அமில ஆவியை விடும். அவ்வாவி அலகைக் கறளாக்கும். ஒரே பெட்டியிலுள்ள பிற கத்திகளையும் பற்றும். பிடி நொறுங்கி, காரமான மணம் வீசி, அதனருகே மட்டும் கறள் மிகுந்திருப்பின் அதுவே காரணம். அப்பிடியைக் கழற்றி அகற்றுக. அது எளிதில் தீப்பற்றுமாதலின் அடுப்பருகே வைத்தலாகாது.

இரண்டாவது, கழுவுதல். சவர்க்காரமும் இளஞ்சூட்டு நீரும் பழைய பல்தூரிகையும் போதும். பின்னர் இலேசான இயந்திர எண்ணெயை ஆணிப் பொருத்திலும் கறளிலும் இட்டு ஓரிரவு விடுக. எலுமிச்சஞ்சாறும் வினாகிரியும் கறளைக் கரைக்கும் என்பது உண்மையே. ஆயின் அவை நல்லுருக்கையும் தின்று மங்கலாக்கும். நெடுநேரம் ஊறவைத்துக் கத்தியை இழந்தாரும் உளர்.

மூன்றாவது, தேய்த்தல். நீரிலும் பயன்படும் அரத்தாளைச் சிறு துண்டாக வெட்டி, போத்தல் அடைக்கும் தக்கையிற் சுற்றிக்கொள்க. கறள் தடித்திருப்பின் 400 ஆம் இலக்கத் தாளிலும், மெல்லிதாயின் 600 இலும் தொடங்கி, 1000, 1500, 2000 என்று முறையே ஏறுக. ஒரு தாளின் கீறல் முற்றாக மறைந்த பின்னரே அடுத்த தாளுக்குச் செல்லல் வேண்டும். பொறுமையற்றோர் தவறுவது இங்கேதான். அலகை மேசை விளிம்பிற் படுக்கவைத்து, முதுகிலிருந்து வாய்க்குப் புறமாகவோ, கழுத்திலிருந்து நுனிக்கு நீளவாக்கிலோ தேய்க்கலாம். வாயை எதிர்த்து ஒருபோதும் தேய்த்தலாகாது. அவ்வாறு தேய்ப்பின் தாளும் கிழியும், விரலும் கிழியும். தொடங்குமுன் வாயின்மேல் மறைப்புநாடா ஒட்டிக்கொள்வது நன்று. அலகில் பொன்னெழுத்தோ சித்திரமோ இருப்பின் அவ்விடத்தில் எண்ணெய் தோய்ந்த துணியன்றி வேறொன்றும் படலாகாது.

கறள் முழுவதும் போய்விடல் வேண்டுமென்பதில்லை. செங்கறளை அகற்றுக, அதன்கீழ்க் காணும் கருமை உருக்கை மேலும் அரிப்பதன்று. குழிகளின் அடியிலுள்ள கரும்புள்ளிகளை ஒழிக்க முயன்றால் அலகு மெலியும். முதுமைக்கு ஒரு நிறமுண்டு, அது இருக்கட்டும்.

வாய் தீட்டுதல்

சவரக் கத்தியைத் தீட்டுவோர் கோணத்தைக் கையால் நிறுத்தவேண்டுவதில்லை. கத்தியே அதனை நிறுத்துகின்றது. முதுகும் வாயும் ஒருங்கே கல்லிற் படும்படி படுக்கவைத்தால், முதுகின் தடிப்பே கோணத்தை முடிவு செய்கின்றது. அலகின் அகலம் 16 மி. மீ., முதுகின் தடிப்பு 4.5 மி. மீ. என்க. முதுகின் பாதித் தடிப்பாகிய 2.25 ஐ 16 ஆல் வகுக்க 0.14 வரும், அதனைச் சைனாகக் கொண்ட கோணம் ஏறத்தாழ 8 பாகை. இருபுறமும் கூடின் வாயின் கோணம் 16 பாகையாம். கணிதம் பயிலும் மாணவர் இதனைச் செய்துபார்க்கலாம். முதுகு தேயாதிருக்க மின்கம்பிக்குச் சுற்றும் நாடாவை முதுகில் ஒரு சுற்று ஒட்டுவாரும் உளர். அதனாற் கோணம் ஏறத்தாழ 1 பாகை கூடும்.

முதலிற் கல் மட்டமாதல் வேண்டும். கல்லின் முகத்திற் பென்சிலாற் கட்டங்கள் வரைந்து, தடித்த கண்ணாடித் தட்டில் ஒட்டிய அரத்தாளிலே நீரிட்டுத் தேய்க்க. கோடுகள் யாவும் அழிந்தாற் கல் மட்டமாயிற்று.

1000 ஆம் இலக்கக் கல்லில் வாயின் இரு முகங்களும் ஒன்றையொன்று முட்டும்வரை தீட்டுக. வாய் முன்னே செல்லவும் முதுகு பின்னே வரவும், எடையை அழுத்தாது, கல்லின் முழுநீளத்துக்கும் இழுக்க. கல்லின் கடையில் முதுகின்மேலே புரட்டித் திருப்புக. வாயின்மேற் புரட்டினால் அதுவரை செய்த வேலை வீணாம். வாயின் முகத்தில் மை தடவிச் சில முறை இழுத்துப் பார்ப்பின், எவ்விடம் கல்லிற் படவில்லை என்பதை எஞ்சிய மையே காட்டும். அதன்பின் 4000, 8000 ஆம் இலக்கக் கற்களும், கிடைப்பின் 12000 உம் வரிசையாக வேண்டும். இயற்கைக் கல்லை விரும்புவோர் பெல்ஜியத்து மஞ்சட் கல்லைப் புகழ்வர். அதனுள் நிறைந்த நுண்ணிய கார்னெற் மணிகளே உருக்கை அராவுகின்றன.

இறுதியில் வார். துணிவாரில் 20 முறையும் தோல்வாரில் 40 முறையும் போதும். கல்லிற் செய்ததற்கு மாறாக இங்கே முதுகு முன்னே செல்லல் வேண்டும். வாய் முன்னே சென்றால் வார் அறும், வாயும் மழுங்கும். வாரைத் தொய்யவிடாது இழுத்துப் பிடிக்க. தொய்ந்தால் வாய் உருண்டுவிடும். முன்கையின் மயிர் தோலைத் தொடுமுன்னே அறுமாயின் கத்தி ஆயத்தமாயிற்று.

ஒரு கத்தி ஒருவருக்கே உரியது. பழைய காலத்தில் ஒரே கத்தி ஊருக்கெல்லாம் பயன்பட்டது. இரத்தத்தாற் பரவும் ஈரல் அழற்சி, எயிட்ஸ் ஆகியவற்றை அறிந்த நாம் அவ்வாறு செய்தல் ஆகாது. செப்பஞ்செய்த கத்தியை முதன்முறை பயன்படுத்துமுன் நூற்றுக்கு 70 பங்கு அற்ககோலாற் கழுவித் துடைத்துக்கொள்க.

தாங்கி அமைத்தல்

கத்தியைக் காத்தபின் அதனை வைக்குமிடமே அதன் ஆயுளை நிருணயிக்கின்றது. உப்புக்காற்று வீசும் எமது குடாநாட்டில் இது பெரிதும் உண்மை. இரும்பு கறளாதற்கு ஒட்சிசனும் நீரும் வேண்டும். உப்பு அதனை விரைவிக்கும். நாம் முதலிற் செய்தது மூடியுள்ள மரப்பெட்டி. உள்ளே கம்பளித்துணியும் ஒட்டினோம். பார்வைக்கு அழகாயிருந்தது. ஒரு மாரிகாலத்தில், துணி உண்ட ஈரத்தால் அலகில் மீண்டும் கறள் தோன்றிற்று. அப்பு சுற்றிவைத்த துணி செய்ததையே எமது கம்பளியும் செய்தது. ஆதலின், தாங்கி எனப்படுவது காற்றுப் புகுமாறு திறந்திருத்தல் வேண்டும். அலகின் வாயை எதுவும் தொடாதிருத்தல் வேண்டும். நீரை உறிஞ்சும் பொருள் அதில் இருத்தலாகாது.

முதிரை, பாலை முதலிய நன்கு காய்ந்த மரத்துண்டு தச்சுப்பட்டறையிற் கழிவாகவே கிடைக்கும். பச்சை மரம் ஆகாது. அதன் ஈரமும் அமிலமும் உருக்கைக் கெடுக்கும். 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிப்புள்ள அடிப்பலகை ஒன்று. 3 அங்குல உயரம், 2 அங்குல அகலம், அரை அங்குலத் தடிப்புள்ள தூண்கள் இரண்டு. தூண்களை ஒன்றாகக் கட்டி, மேல்விளிம்பின் நடுவே எட்டில் ஐந்து அங்குல அகலமும் அரை அங்குல ஆழமும் உள்ள வாய்க்கால் வெட்டுக. ஒன்றாய் வெட்டினாற்றான் இரண்டும் ஒத்திருக்கும். உருண்டை அரத்தால் அடிவளைவைச் சீராக்குக. பின்னர் மூன்றரை அங்குல இடைவெளி விட்டு, மரப்பசையும் கீழிருந்து முடுக்கிய பித்தளைத் திருகாணியும் கொண்டு பலகையில் நிறுத்துக. இரும்பாணி வேண்டாம், அதுவும் கறளாகும். ஆளிவிதை எண்ணெயை மும்முறை பூசி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் மற்றையதைப் பூசி, ஈற்றில் தேன்மெழுகு தேய்க்க. எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குவித்தெறிதல் ஆபத்து. அது தானே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவிடுக.

மடக்கிய கத்தியைப் பிடி கீழாகவும் அலகின் முதுகு மேலாகவும் இரு வாய்க்கால்களிலும் கிடத்துக. வாய் பிடித்தட்டுகளின் நடுவே ஒதுங்கியிருக்கும். கத்திகள் பலவாயின் தூண்களுக்குப் பதிலாக 10 அங்குல நீளச் சட்டங்கள் இரண்டை நிறுத்தி, ஒன்றேகால் அங்குலத்துக்கு ஒன்றாக ஏழு வாய்க்கால் வெட்டலாம். கிழமையின் நாட்பெயர் பொறித்த ஏழு கத்திகளை ஒரு தொகுதியாக விற்ற காலமும் உண்டு. சிறுவருள்ள வீட்டில் தாங்கி உயரத் தட்டிலேயே இருத்தல் வேண்டும். குளிக்கும் அறையில் வேண்டாம்.

ஒவ்வொரு நாளும் பயன்படுத்தியபின் அலகை நீரிற் கழுவி, துடைத்து, உலர்ந்த வாரில் நாலைந்து முறை இழுத்து, சிறிதுநேரம் விரித்து வைத்தபின்னரே மடக்குக. நாட்கணக்கில் எடுக்கப்போவதில்லையாயின் ஒரு துளி எண்ணெய் தடவி வைக்க.

இரண்டாம் கத்தியை முடிக்க எமக்கு இரண்டு விடுமுறைக் காலம் சென்றது. முடித்து அப்புவிடம் கொடுத்தபோது அவர் கண் மங்கியிருந்தார். விரல் நுனியால் முதுகைத் தடவினார். முன்கையில் ஒருமுறை வைத்திழுத்தார். இழுத்த இடத்தை விரலாற் தொட்டுப் பார்த்தார். "இனி உன்னட்டையே இருக்கட்டும்" என்றார். மற்றைக் கத்தியைப்பற்றி அன்றும் அவர் பேசவில்லை.

பெட்டகத்தைத் திறந்து பார்க்கும் பழைய மாணவர் எவரேனும் இத்தகைய கத்தியொன்றைக் காணின், அன்றே ஒன்றும் செய்யவேண்டாம் என்று வேண்டுகின்றோம். சுற்றியுள்ள துணியை மட்டும் நீக்கி, எண்ணெய் தடவி, காற்றுப்படும் இடத்தில் வைக்க. எஞ்சியவற்றைச் செய்தற்கு ஓய்வுநாட்கள் உள. அரத்தாளும் கல்லும் வாரும் எமது வீட்டில் உள்ளன. அவற்றைக் கேட்டு வரும் எமது கல்லூரி மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் அவை என்றும் கிடைக்கும். சாணைச் சக்கரம் மட்டும் எம்மிடம் இல்லை.